ஆற்றுப் பொன்னும் நான் செய்த ஹீட்டரும்

பனி கொட்டிய திருவிழாவில், கோயில் கார் பார்க்கில் அன்னதானச் சமையலுக்குச் சுடுதண்ணீர் ஓடவிட்டவன் நான். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாரும் "இது செத்த பொயிலர்" என்று கைவிட்டதை உயிர்ப்பித்தவன் நான். எறிந்த பியர் பீப்பாயை வெட்டி என் கராஜுக்கு அடுப்புச் செய்தவன் நான். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. லண்டனில் வந்து இறங்கியபோது ஸ்பனர் என்ற சொல்லைத் தவிர இங்கிலீஷ் தெரியாது. ஒருவரும் பக்கத்தில் இருத்திப் பழக்கவில்லை. பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து, குப்பையில் கிடந்த பொயிலர்களைக் கழற்றிக் கழற்றித்தான் பழகினேன்.

இவை எல்லாவற்றிலும் பெரியது, மார்கழிக் குளிரில் ஆற்றடியில் பொன் எடுத்த மனிதனை விறைக்காமல் காத்த ஹீட்டர். இன்றைக்கு அது வேறு ஒருவர் பெயரில் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1. ரட்ணத்தின் வாய்

ரட்ணத்துக்கு அப்டன் பார்க்கில் நகைக்கடை. ஓய்வு நாட்களில் அனுமதி எடுத்து, வேல்ஸில் ஓர் ஆற்றுக்குப் போய்ப் பொன் தேடுவது அவருடைய பைத்தியம். மிதவையில் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பம்ப் இருக்கும். ஆள் ரப்பர் உடுப்பான வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு மூச்சுக் குழாயோடு ஆற்றடியில் கிடந்து, தடித்த ஹோஸால் மண்ணை உறிஞ்ச வேண்டும். மண் தட்டில் கழுவுப்பட்டுப் போக, பாரமான பொன்தூள் மட்டும் தங்கும்.

மகனுக்குத் தை மாதம் கலியாணம் பேசி முற்றானதும் ரட்ணம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்: "பொன்னுருக்குக்கு நான் கையால எடுத்த ஆத்துப் பொன்னும் சேர்த்துத்தான் உருக்குவன்." தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு அது. சொன்ன பிறகு பார்த்தால், சேர்த்து வைத்திருந்த தூள் ஒரு சிமிழின் அடிகூட நிரம்பவில்லை. மார்கழியில் ஆற்றில் இறங்கி, பல் கிடுகிடுக்க என் கதவைத் தட்டினார்.

"அண்ணை, ஏலாதண்ணை. இறங்கி ஒரு ரீ குடிக்கிற நேரம் நிக்கேலாமக் கிடக்கு. கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி."

"உன்ர கடையிலயே ஒரு பொன் பவுணை எடுத்து உருக்கிப்போட்டுப் பேசாம இரன்."

"சம்பந்தி வீட்டுக்காரர் சிரிப்பினம். நீங்கள் ஒரு வழி செய்து தாங்கோ. பொன்னுருக்கு அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உங்கட பேரைச் சொல்லுவன். சத்தியமா."

எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

2. முழுக்குத் தண்ணீர்

எஞ்சினின் புகைக்குழாய் வீணாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சூட்டைத்தான் பிடித்தேன். புகைக்குழாயைச் சுற்றி செம்பாலான கொப்பர் பைப்பை நெருக்கமாகச் சுருட்டி, வெளியே பழைய ஸ்டீல் சட்டி ஒன்றை வெட்டி மூடினேன். பம்பிலிருந்து ஆற்றுத் தண்ணீரில் கொஞ்சம் பிரித்து அதற்குள் விட்டேன். வெளியே வருவது கொதிக்கும். அதை நேரே மனிதனுக்கு விட முடியாது. எனவே கழிப்பறைத் தொட்டி ஒன்றை மிக்ஸிங் டாங்க் ஆக்கி, குளிர்ந்த பச்சைத்தண்ணீர் வர வால்வ் ஒன்றும் பூட்டினேன். அங்கே கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் ஹோஸால் வெட்சூட்டின் கழுத்துக்குள் இறங்கும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி முழங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் ஹோஸைச் சொருகுவேன்.

முதல் நாளே ரட்ணம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும் நேரமெல்லாம் பாட்டுப் பாடினார்.

அடுத்த முறை போனது ஒரு சனிக்கிழமை. நான் பிளாஸ்கில் ரீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ரட்ணம் கழுத்தில் சொருகிய ஹோஸோடு, ஆற்றில் மிதவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இண்டைக்குச் சனிக்கிழமை. எண்ணெய் முழுக்குத் தண்ணி மாதிரி நல்லாச் சுட விடுவம்."

"வால்வில கை வையாதை!"

நான் சொல்லி முடிக்க முன்னம் பச்சைத்தண்ணீர் வால்வை இறுக்கி மூடிவிட்டார். டாங்கில் கிடந்தது முடிந்து, கொதிநீர் இறங்கத் தொடங்கியது. "ஐயோ" என்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் பாய்ந்து ஹோஸை வெறுங்கையால் பிடுங்கினேன். அவருக்குக் கழுத்தில் சிவந்ததோடு போயிற்று. என் வலது உள்ளங்கைத் தோல் உரிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவ்விடத்திலேயே வால்வின் கைபிடியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டேன். அதன் பிறகு சூட்டை நான்தான் வைப்பேன்; அவர் எடுத்த பொன் எல்லாம் என் கையின் கீழ் எடுத்த பொன்.

3. பொன்னுருக்கு

ரட்ணம் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. நகை செய்யும் பத்தர் பவுணோடு ஆற்றுப் பொன்னையும் சேர்த்து உருக்கினார். உருக்கிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டினார்கள். சம்பந்தி கேட்டார்: "இந்தக் குளிருக்க எப்பிடித் தாக்குப்பிடிச்சனீங்கள்?"

நான் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"அதுக்கெண்டு நானே ஒரு ஹீட்டர் டிசைன் பண்ணினன்," என்றார் ரட்ணம்.

தட்டு என்னிடமும் வந்தது. தழும்புள்ள கையால்தான் தொட்டு வணங்கினேன். ரட்ணம் வேறு பக்கம் பார்த்தார். நான் வாய் திறக்க, பக்கத்தில் நின்ற என் மனைவி முழங்கையில் கிள்ளினார்.

"நல்ல காரியம் நடக்கிற வீடு. பேசாமல் நில்லுங்கோ."

நின்றேன். தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினேன்.

இப்போது அந்த ஹீட்டர் அவருடைய கடைக் கண்ணாடிக்குள், பித்தளைத் தகட்டில் அவருடைய பெயரோடு இருக்கிறது. கேட்கப் போனேன். "நான் கேட்டபடியால்தானே அண்ணை செய்தனீங்கள். ஐடியா என்ரை" என்று சிரிக்கிறார். வருகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். பச்சைத்தண்ணீர் வால்வுக்கு ஏன் கைபிடி இல்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. அது என்னிடம் இருக்கிறது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: எதைச் செய்தாலும் அதை இன்னொருவர் கையில் கொடுக்க முன்னம் உங்கள் பெயரை அதில் வெட்டிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி நான் வெட்டாமல் விட்டேன்.

ரட்ணம், இதை நீயும் வாசிப்பாய். எனக்கு விருந்தும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம். அந்தத் தகட்டைக் கழற்று. "செய்தவர்: பொயிலர் சின்னத்துரை, ஃபாரஸ்ட் கேட்" என்று வெட்டிப் பூட்டு. பூட்டிய அன்று கைபிடியைக் கொண்டுவந்து நானே போட்டுவிடுகிறேன்.