அப்பாவின் எலும்புகளுக்கு ஒரு பெட்டி

அம்மா கேட்டது ஒரு பெட்டி. அவளுக்கு அல்ல, அப்பாவுக்கு. அப்பா மண்ணுக்குள் போய் நாற்பது வருடத்துக்குக் கிட்டே ஆகிறது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான். நிலம் என்று எங்கள் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அடுத்தவர் கழனியில் நட்டு, அடுத்தவர் கழனியில் அறுத்து, கடைசியில் எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் குழி ஒன்று. குடும்பத்தில் இன்னொருவர் போகும்போது அதையே திறப்பார்கள். உள்ளே இருக்கிறவரின் எலும்புகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டி, புதிதாக வருகிறவரின் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள். பெரும்பாலும் யூரியா சாக்கு. சில நேரம் சிமெண்டு சாக்கு. இதில் அவமரியாதை என்று யாரும் நினைப்பதில்லை. குழி வெட்டுகிறவர் கைக்கு எது அகப்படுகிறதோ அது.

விழுப்புரத்தில் தங்கை வீட்டுக் கட்டிலில் படுத்துவிட்ட அம்மாவை மட்டும் அந்தச் சாக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திண்டிவனத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"மண்டியில மல்லாட்ட மூட்டைய தூக்கித் தூக்கியே செத்தாருடா அந்த மனுசன். உசுரோட இருந்த வரைக்கும் சாக்கு அவுரு மேல இருந்துச்சி. இப்ப அவுரு சாக்குக்குள்ள போவ வேணாம். நீதான் மரத்துல இன்னாத்தயோ செஞ்சிக்கினு இருக்கியே, ஒரு பொட்டி செய்யி. கண்ணால பாத்துட்டுப் போறேன்."

சரி என்றேன். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் அந்தச் 'சரி'யின் கனம் மடியில் இறங்கியது. அம்மா போனால்தான் குழியைத் திறப்பார்கள். குழியைத் திறந்தால்தான் பெட்டிக்கு வேலை. அவள் போவதற்குள் அதை அவள் பார்க்கவும் வேண்டும். உயிரோடு இருக்கிறவளுக்கு நாள் குறிக்கிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, வேப்பம் பலகையில் செய்தால் செல்லு, கரையான் எதுவும் அரிக்காது என்றும் அவளே சொன்னாள்.

என்னிடம் ஒரு வைஸ் இருக்கிறது, அறுக்கும்போது பலகையை அசையாமல் கவ்விப் பிடிக்கிற கருவி. முதுகு போன பிறகு செய்துகொண்டது. மேசை ஓரத்தில் தொங்குகிற ஒற்றைத் திருகு வைஸ் அல்ல; இரண்டு நீளமான பூவரசங்கட்டைகள், இரு முனையிலும் இரண்டு இரும்புத் திருகுகள். திருகுகளை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினேன். கட்டைகளின் உள்முகத்தில் பழைய தோல்பை ஒன்றை வெட்டி ஒட்டினேன். அதைத் தூக்கி மேசை மேல் வைத்து இறுக்கிவிட்டால் பலகையின் முனை நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கும். குனிய வேண்டாம். கண்ணும் கோடும் நேருக்கு நேர். ஒற்றைத் திருகில் அகலப் பலகையைக் கொடுத்தால் ஒரு பக்கம் பிடிபட்டு மறுபக்கம் நடுங்கும்; அந்த நடுக்கம் தெரிந்தவுடனே ரம்பம் கோட்டை விட்டு ஓடிப்போகும். இரட்டைத் திருகில் அப்படி இல்லை. இடது கை ஒரு திருகை, வலது கை மறு திருகை, கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி. பிறகு பலகை மூச்சு விடாது. மூச்சு விடுகிறவன் நான் மட்டும்தான்.

பெட்டிக்கு அளவு வேண்டும். குழி வெட்டுகிறவரைத் தேடிப் போய்க் கேட்டேன். தொடை எலும்புதான் நீளம், அது படுத்துவிட்டால் மற்றதெல்லாம் அடங்கிவிடும் என்றார், ஏதோ காய்கறிக்கூடை அடுக்குகிற மாதிரி. வீட்டுக்கு வந்து நாடாவை எடுத்து என் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பிடித்தேன். அப்பா என்னைவிட உயரம். கடலை மூட்டை முதுகில் ஏறினால் அவர் தலை எங்கேயோ மேலே, வெயிலுக்குள் இருக்கும். அதனால் நாலு விரற்கடை கூட்டிக்கொண்டேன்.

ஆணி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். ஈர மண்ணில் ஆணி துருவாகி உதிரும், பலகை வாயைப் பிளக்கும். நான்கு மூலையிலும் புறாவால் மூட்டு. ஒரு பலகையின் முனையில் புறாவின் வாலைப் போல விரிந்த பற்கள். இன்னொரு பலகையில் அவை போய் உட்காரும் பள்ளங்கள். முதல் பலகையை வைஸில் நிறுத்தி வால்களை அறுப்பேன். அடுத்த பலகையை அதே வைஸில் நிறுத்தி, அதன் தலைமேல் வால்களைப் படுக்கவைத்து, கத்தி முனையால் கீறி அளவை இறக்குவேன். பென்சில் கூடாது. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, அந்தத் தடிமனுக்குள் ஒரு எறும்பு வீடு கட்டலாம்.

மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் அந்த முனையை அறுத்துத் தள்ளிவிட்டுப் புதுப் பலகை எடுத்தேன். மூலையில் வேம்பு குவிந்தது. அறையெல்லாம் அந்தக் கசந்த வாசனை. காபி குடித்தால் காபி கசந்தது. புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். கதவில் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணுக்குள்ள போற பொட்டிக்கு எதுக்குப்பா இவ்ளோ பாக்கற?"

பலகை வைஸில் நிற்கிற வரைக்கும் அம்மா கட்டிலில் இருப்பாள் என்று உள்ளே எதுவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. படித்தவன் மூளையில் இப்படி ஒரு மூலை. மாலையில் திருகை இறுக்குவேன், ஒரு கோடு அறுப்பேன், திருப்தி இல்லை என்று தளர்த்துவேன். ஒரு வாரத்தில் முடிகிற பெட்டி மழைக்காலம் முழுக்க மேசை மேல் நின்றது.

அப்புறம் தங்கை போன் பண்ணினாள். அம்மாவுக்குக் கஞ்சி கூட இறங்கவில்லை. "ண்ணா, பொட்டி எங்க, பொட்டி எங்கன்னு கேட்டுக்கினே இருக்குது. ஜல்தியா எடுத்தாந்துடு. முடியலன்னாலும் பரவால்ல."

மூடி இல்லை. மற்றதை மரக் கொட்டாப்புளியால் தட்டிக் கூட்டி, பழைய போர்வையில் சுற்றி, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன். கூட்டேரிப்பட்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் போர்வையை விரலால் சுண்டிப் பார்த்தார். ஆர்மோனியமா என்றார். ஆமாம் என்றுவிட்டேன். எந்த ஊரில் கச்சேரி என்றார். விழுப்புரம் என்றேன். நல்லா பாடுங்க என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார்.

கட்டில் ஓரத்தில் பெட்டியை வைத்ததும் அம்மா முதலில் முகர்ந்தாள். வேம்பு என்றாள். விரலை மூலையில் கொண்டு வந்து, வால் எது பள்ளம் எது என்று தடவித் தடவித் தேடினாள், விரலுக்குத் தட்டுப்படவில்லை. ஆணி எங்கே என்று கேட்டாள். ஆணி இல்லை, பல்லும் பல்லும் கவ்விக்கொண்டு நிற்கிறது என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு பெட்டிக்குள் கையை நீட்டிச் சாண் போட்டாள். ஒரு சாண், இன்னொரு சாண், அதற்கு மேலும். வெளிச்சம் நின்று, யோசனை வந்தது.

"இவ்ளோ நீட்டு யாருக்குடா?"

"அப்பாவுக்குதாம்மா. என்னவிட ஒசரம் இல்ல அவுரு?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் தண்ணீர் கேட்டு, தண்ணீர் கடைவாயில் வழிந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"உன் தோளுக்குதான்டா வருவாரு உங்கப்பன். நீ பொடிப்பயலா கீழ இருந்துக்கினு பாத்த. அதான் ஒசரமா தெரிஞ்சாரு."

நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கோடுகளையும் கத்தியால் கீறியவன், நீளத்தை மட்டும் சின்ன வயதுக் கண்ணால் அளந்திருக்கிறேன். அறுத்துச் சின்னதாக்கிவிடுகிறேன் என்றேன். அறுத்தால் ஒரு பக்கத்து மூட்டுகள் போகும். மறுபடி வைஸில் நிறுத்த வேண்டும். மறுபடி கொஞ்ச நாள் ஓடும். அந்தக் கணக்கும் மனதுக்குள் ஓடத்தான் செய்தது.

"அறுக்காத," என்றாள் அம்மா. "இருக்கட்டும். மீதி எடத்துல என்னயும் போட்டுடு. அடுத்த வாட்டி குழிய தொறக்கறப்ப, இன்னொரு சாக்கு எதுக்கு? மூடிக்கு மட்டும் ஆணி அடிச்சிடாத. தொறந்து மூடறாப்பல வையி."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நான் மூத்தவன். அந்தக் குழியை அடுத்த முறை திறப்பது எனக்காக. வாசற்படியில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற தங்கை அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, "அதுக்கு ரொம்ப நாள் ஆவும் சாமி, ரொம்ப நாள் ஆவும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெட்டியின் மேல்விளிம்பில் உட்புறமாக நீளப் பள்ளமாய்க் காடி இழைத்து, இழுத்தால் நகரும் மூடியாகச் செய்தேன். இந்த முறை தாமதம் பண்ணவில்லை. அப்படியும் மூடியை அம்மா பார்க்கவில்லை.

குழியைத் திறந்த காலையில் தூறிக்கொண்டிருந்தது. குழி வெட்டுகிறவர் உள்ளே இறங்கி, கையால் மண்ணைத் துழாவி, ஒவ்வொன்றாக மேலே கொடுத்தார். செம்மண் அப்பிய எலும்புகள். மண் தின்றது போக மிச்சம் கொஞ்சம்தான். தொடை எலும்பைப் பெட்டியில் படுக்கவைத்தேன். அதன் முனைக்கும் பலகைக்கும் நடுவில் என் விரித்த கை அப்படியே உட்கார்ந்தது. அம்மா சொன்னது சரி. இவ்வளவு சின்ன மனிதர் அவ்வளவு பெரிய மூட்டைகளைத் தூக்கியிருக்கிறார்.

தூக்கியபோது உள்ளே எலும்புகள் உருண்டன. ஆடுகிறது, ஏதாவது வைத்து இறுக்கச் சொன்னார் குழி வெட்டுகிறவர். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். தங்கை தன் கைப்பையைத் திறந்து, அம்மா கட்டிலில் கட்டியிருந்த நூல்புடவையை எடுத்தாள். எதற்கு அதைக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நான்காக மடித்து அந்தக் காலி இடத்தில் வைத்து அழுத்தினாள். பெட்டி சத்தம் போடுவதை நிறுத்தியது.

மூடியைத் தள்ளினேன். குழி வெட்டுகிறவர் இடுப்பிலிருந்து சுத்தியலை உருவி, ரெண்டு ஆணி அடிச்சிடட்டுங்களா என்று கேட்டார். வேண்டாம், திரும்பத் திறக்க வேண்டும் என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். அது அவர் தொழில். சுத்தியலைச் செருகிக்கொண்டார்.

அப்போது மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினாள். அழவில்லை. மூடியின் விளிம்பில் விரல் வைத்து அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தாள், வரவில்லை. இந்தப் பக்கம் இழுத்தாள். ஒரு விரற்கடை நகர்ந்தது. எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, மெதுவாக மூடினாள்.