வலிக்கு இன்று பெயர் தெரிந்தது

சில வருடங்களாகவே உடம்பெல்லாம் வலி. எங்கள் விக்கிரமசிங்கபுரத்து டாக்டர், "ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல, திருநெல்வேலியில ஸ்பெஷலிஸ்ட்டப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். இன்று தனியாகப் பஸ் ஏறிப் போனேன்.

அந்த டாக்டரம்மா என் தோளையும் முதுகையும் மெல்ல அழுத்திப் பார்த்தார். அதற்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வலி நிசந்தாம்மா. டெஸ்ட்ல தெரியாது. இதுக்குப் பேரு ஃபைப்ரோமயால்ஜியா. மாத்திரை தாரேன், பையத்தான் கொறையும்" என்றார். "கூட யாரு வந்திருக்கா? அவுககிட்டயும் விளக்கிச் சொல்லுதேன்."

"யாரும் வரல, டாக்டர்."

வெளியே வந்ததும் துபாயில் இருக்கும் கணவருக்குப் போன் செய்து, நோயின் பெயரைச் சொன்னேன்.

"ஸ்கேன், ரத்தமெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"ஆமா."

"பொறவு என்னட்டி? ஒண்ணுமில்லன்னுதான சொல்லுதாவ. நிம்மதியா இரு."

அவர் நிம்மதியாகத்தான் போனை வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாலைந்து முறைக்குப் பிறகுதான் நாக்கு ஒத்துக்கொண்டது.

இதே வலி உள்ளவர்கள் இங்கே யாராவது இருந்தால் கை தூக்குங்கள். தூக்க முடியாவிட்டால் ஒரு லைக் போதும்.