பட்டியலில் சேராத சோதனை

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து அப்பா போன் செய்தார்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். நம்ம கிணற்று மோட்டார் கருகிவிட்டதாம். தண்ணீர் வற்றிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் பெட்டிகள் செய்கிற கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடி சி மொழியில் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. தண்ணீர் வற்றினால் பெட்டி தானாக மோட்டாரை நிறுத்த வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவள் நான். அதைச் சோதிக்கும் டெஸ்டையும் நானே எழுதியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் முதல் பெட்டியை நம்ம கிணற்றில் மாட்டினேன். இப்போது தப்பு என்னுடையதா, இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

டெஸ்டுகளை மறுபடி ஓட்டினேன். எல்லாம் பாஸ். இன்னொரு தரம் ஓட்டினேன். அப்போதும் பாஸ். சலித்துப் போய்க் கோப்பை வரி வரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. சியில் டெஸ்டை எழுதினால் மட்டும் போதாது; ஓட வேண்டியவற்றின் பட்டியலில் அதன் பெயரையும் நாமே சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. எழுதிய நாளிலிருந்து அது ஒரு தடவைகூட ஓடியதில்லை. இப்படி ஒன்று சும்மா கிடக்கிறது என்று, எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்கத்தான் செய்யும். அந்த நச்சரிப்புத் தாங்காமல் எச்சரிக்கையை அணைத்து வைத்த மகராசியும் நானேதான்.

கோப்புகளைத் துழாவி, டெஸ்டுகளைக் கண்டுபிடித்து, பட்டியலைத் தானே எழுதிக்கொள்ளும் ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். அரை மணி நேர வேலை. நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டது. ஓட்டினேன். விட்டுப்போயிருந்த ஒன்பது டெஸ்டுகள் சிக்கின. எட்டு பாஸ். தண்ணீர் வற்றும் டெஸ்ட் மட்டும் ஃபெயில். மோட்டாரை நிறுத்தும் பகுதியில் ஒரே ஒரு குறியைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். திருத்தக் கை வந்தது, மனசு வரவில்லை. அவ்வளவு அசதி.

மத்தியானம் நைனா வந்தார். சட்டை பூராவும் கிரீஸ். போனில் தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டதாகக் கடையில் சொல்லிவிட்டு வந்தாராம். வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம். நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

“நீ இல்ல நைனா. தப்பு என்னுது.”

“தெரியும்மா. நான் அதத் தொடவே இல்ல. பெட்டி நீ செஞ்சதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும், அதான் அப்படி சொன்னேன். சாப்டியா?”