சத்தமில்லாத குழாயை விற்கப் போன கதை

என் கர்ப்பப்பையை எடுத்த அன்று எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி ஒன்றைத் திரை போலக் கட்டிவிட்டார்கள். வலி இல்லை. பார்ப்பதற்கும் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது காது மட்டும்தான். அதுவே வினையாகிவிட்டது, ஏனென்றால் என் பிழைப்பே காதை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது நான் மறைமலைநகர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒலி விஞ்ஞானியாக இருந்தேன். பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மின்விசிறியும் ஏசியும் கம்ப்ரஸரும் போடும் சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அதைக் கொஞ்சம் குறைத்து, அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் வீடு இருப்பதோ சேலையூரில். தலைக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். தெருமுனையில் கேம்ப் ரோடு. "இவ்ளோ சத்தத்தையும் விட்டுட்டு அங்க போய் ஃபேன் சத்தத்த குறைக்கிறியாக்கும்" என்று என் கணவர் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து, வயதாகும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவர். யாரிடமும் எதையும் விற்றுவிடுவார். என்னிடம் மட்டும் முடியாது.

அறுவை சிகிச்சையின்போது கசியும் ரத்தத்தையும் நீரையும் உறிஞ்சி எடுக்க ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதன் மறுமுனை ஒரு பம்பில் இருக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது சத்தம் ஒன்றுதான். இளநீரின் கடைசி வாயை யாரோ ஸ்ட்ரா போட்டு இழுப்பது போலச் 'சொர்ர்ர்' என்று வரும். திடீரென்று கிரீச்சென்று ஒரு விசிலாக மாறும். மறுபடி சொர்ர்ர். அந்த இளநீர் நான்தான் என்று உறைத்தபோது வயிறு கலங்கியிருக்க வேண்டும். அது மரத்துப் போயிருந்ததால் மனசு மட்டும் கலங்கியது. எனக்குப் பயம் வந்தால் உடனே ஆராய ஆரம்பித்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"டாக்டர், அந்த விசில் ரெண்டாயிரத்து ஐநூறு ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கு" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அந்தச் 'சொர்ர்ர்' நின்றது.

"என்னம்மா? வலிக்குதா?" இது அறுவை செய்துகொண்டிருந்த டாக்டரம்மா.

"வலி இல்ல மேடம். அந்தக் குழாய் நுனியில ஓட்ட இருக்கும் பாருங்க, அதோட விளிம்பு ரொம்பக் கூரா இருக்கு. லேசா உருட்டி விட்டா…"

"பேஷன்ட் என்ன சொல்றாங்க?" என்று தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து டாக்டரைக் கேட்டார்.

"ஏதோ ஓட்டையப் பத்திப் பேசறாங்க மேடம்."

"கொஞ்சம் தூங்க வைங்க."

அடுத்து நான் கண் விழித்தது வார்டில். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "உள்ள போயும் லெக்சர் கொடுத்தியாமே" என்றார்.

தையலைக் காட்டப் போனபோது டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஏறக்குறைய என் வயதுக்காரர். படபடவென்று பேசுவார். "டேபிள்ல படுத்துக்கிட்டு எனக்கே அட்வைஸ் பண்ண முதல் ஆள் நீங்கதான்" என்றார். நான் வெட்கப்படாமல், கழித்துப்போட்ட குழாய் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சுத்தம் செய்த பழைய குழாய் ஒன்றை உறையில் போட்டு வரவழைத்துக் கொடுத்தார். "நிஜமாவே சத்தத்த குறைச்சீங்கன்னா கொண்டாங்க, நானே யூஸ் பண்றேன்" என்றார். பேச்சுக்குத்தான் சொன்னார் என்பது வேறு யாராக இருந்தாலும் புரிந்திருக்கும்.

படுத்து ஓய்வெடுக்க வேண்டிய விடுமுறையில் மாடி அறையில் பம்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரத்தத்தின் கெட்டி வர வேண்டும் என்பதற்காகத் தண்ணீரில் கிளிசரின் கலந்தேன். அளவு பழகும்வரை ரசத்திலும் மோரிலும் பார்த்தேன். "இன்னிக்கு ரசம் சாப்பாட்டுக்கா, சயின்ஸுக்கா?" என்று கீழேயிருந்து கேட்டுவிட்டுத்தான் என் கணவர் தட்டை எடுப்பார். பம்பின் சத்தத்தைக் கேட்டு இன்னொருவரும் வந்து விசாரித்தார். எங்கள் தெரு மொத்தமும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயலாக இருந்தது. இப்போது பக்கத்தில் மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பெரியவர் அவர்.

"இன்னா டீச்சரம்மா, காலைலேர்ந்து சவுண்டு வந்துகினே கீது? மாடில போர் கீர் போடறியா?"

நான் டீச்சர் இல்லை என்று அவருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். "சத்தத்த குறைக்கறதுக்கு ஆராய்ச்சி பண்றேங்க" என்றேன்.

"அத்த சத்தமில்லாம பண்ணுமா. பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் எனக்கு அந்த மாடி அறையை விட்டு இறங்க மனம் வரவில்லை. அத்தனை வருடம் மின்விசிறிகளோடு மாரடித்திருக்கிறேன். ஒரு விசிறியின் சத்தம் குறைந்ததென்று யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. இங்கே, பச்சைத் துணிக்குப் பின்னால் விழித்துக்கொண்டு கிடக்கும் ஒருத்தியை எனக்கு நேரடியாகத் தெரியும். விடுமுறை முடிந்து வேலைக்குப் போனேன். ஒரு கம்ப்ரஸரின் முன்னால் மைக்கை வைத்துவிட்டு, அந்தக் குழாயை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஆண்டே ராஜினாமா கொடுத்துவிட்டேன்.

என் கணவர் தடுக்கவில்லை. "செய். ஆனா கண்டுபிடிக்கறதும் நீ, விக்கறதும் நீ. என்ன இழுக்காத" என்றார்.

குழாயின் நுனியை மாற்றினேன். காற்றும் திரவமும் முட்டி மோதாமல் உள்ளே போவதற்குத் தனித்தனி வழி வைத்தேன். கைப்பிடிக்குள் சத்தத்தை விழுங்கும் சின்ன அறை ஒன்றை அமைத்தேன். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் செய்து கொடுத்தார்கள். சோதனைச் சான்றிதழ், நெறிமுறைக் குழு, உரிமம் என்று அலைந்ததை விவரமாகச் சொன்னால் படிக்கிறவர்களுக்கும் தூக்க ஊசி போட்டது போலாகிவிடும். ஒரு வழியாக எல்லாம் முடிந்து, குழாயை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். சொன்ன வாக்கை மீற முடியாமல் வாங்கிக்கொண்டார்.

அன்று நான் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் பதிலுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"சத்தமே இல்லம்மா" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"அதான் பிரச்சினை" என்றார். "உறிஞ்சுதா இல்லையான்னே தெரியல. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ நிமிந்து பாட்டில பார்க்க வேண்டியிருக்கு. பாட்டிலப் பாக்கறதா, வயித்தப் பாக்கறதா? கடைசில பழச வாங்கிக்கிட்டேன்."

"அந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இல்லையா மேடம்?"

"தொந்தரவா? அது மாறறத வெச்சுத்தானே நான் வேலையே செய்யறேன். தண்ணிய இழுக்குதா, வெறும் காத்த இழுக்குதா, இல்ல எங்கயாவது போய் ஒட்டிக்கிச்சான்னு காதுலயே தெரிஞ்சிடும்."

நான் ஒலி விஞ்ஞானி. ஒரு சத்தம் ஏன் வருகிறது என்று கேட்கத் தெரிந்த எனக்கு, அது யாருக்காவது வேண்டியிருக்கிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கணவர் விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கக் கூடாது என்று மிகவும் முயற்சி செய்தார். கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தார். பிறகு சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு, காபியோடு வந்தார்.

"இத்தன வருஷம் சத்தத்த எடுத்தே. இப்ப திருப்பிப் போடு. உனக்குத் தெரியாத சத்தமா?"

கேலிதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி, தியேட்டரின் ஒரு மூலையில் முகக்கவசத்தோடு நின்று சில நாட்கள் கேட்டேன். எந்தச் சத்தம் வரும்போது அவர் கை நிற்கிறது, எதற்கு அவர் கையைச் சற்றுத் தூக்குகிறார் என்று கவனித்தேன். விசில் யாருக்கும் தேவைப்படவில்லை. கீழ்ச் சுருதியில் ஒரு மெல்லிய உறுமல் இருந்தால் போதும், அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். படுத்திருப்பவளின் காதுக்கு அது அவ்வளவாக எட்டவும் எட்டாது.

மாடியில் பல நுனிகளைச் செய்து வைத்து, என் கணவரைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்தேன். இழுக்காதே என்று சொன்ன மனிதர் அப்படித்தான் உள்ளே வந்தார்.

"இது எப்படி இருக்கு?"

"பல்லு வெளக்கிட்டுக் கொப்புளிக்கற மாதிரி. வேண்டாம்."

"இது?"

"பஸ் பிரேக்."

"சரி, இது?"

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது நல்லா இருக்கு. எங்க பெரியப்பா கல்யாண வீட்டுல இலையிலேர்ந்து பாயசத்த வழிச்சு உறிஞ்சுவாரு பாரு, அந்த மாதிரி. கேட்டா பயமே வராது. நமக்கும் கொஞ்சம் ஊத்துவாங்களான்னு தோணும்."

அந்த நுனியைத்தான் தேர்ந்தெடுத்தேன். மறுபடி அதே அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி உரிமம் வாங்கினேன். பெட்டியில் அதற்கு எழுத்தும் எண்ணுமாகக் கம்பீரமான ஒரு பெயர் அச்சடித்திருந்தேன். என் கணவர் டாக்டரம்மாவிடம் பெரியப்பா கதையைச் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார். அடுத்த முறை நான் தியேட்டர் வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "சிஸ்டர், அந்தப் பாயசத்த எடுங்க." பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. அது போதும் எனக்கு.

ஒரு டாக்டர் வாங்கிவிட்டால் ஊரே வாங்கிவிடும் என்று நினைத்தேன். முதல் நாள் முடிச்சூரில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனேன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் தோளில் பையோடு வரிசையாக நின்றிருந்தார்கள். நான் காட்டன் புடவையும் துணிப்பையுமாக நின்றதைப் பார்த்த வரவேற்புப் பெண், "உக்காருங்கம்மா, நிக்காதீங்க" என்று டோக்கன் கொடுத்து, எடை பார்க்கும் மெஷினில் ஏற்றி, ரத்த அழுத்தமும் எடுத்துவிட்டார். நான் சொல்ல வந்ததைக் கேட்க அவருக்கு நேரம் இல்லை. உள்ளே போனதும் டாக்டர் சீட்டைப் பார்த்தார்.

"பிரஷர் கொஞ்சம் அதிகமா இருக்கே. என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல டாக்டர். உங்க சக்ஷன் குழாயப் பத்திப் பேச வந்தேன்."

பேசினேன். கொந்தளிப்பு ஓட்டம், அதிர்வெண், அலையின் நீளம் எல்லாவற்றையும் வரைபடத்தோடு விளக்கினேன். அவர் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்.

வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்த என் கணவர் விவரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பாலிசி விக்கறவன் கணக்கு ஃபார்முலாவ எடுத்து நீட்டுவானா? நீ இப்படிப் பேசினா ஆபரேஷனுக்கு மயக்க மருந்தே வேண்டாம், உன்னக் கூட்டிட்டுப் போனாப் போதும். உனக்கு என்ன ஆச்சோ அத மட்டும் சொல்லு."

அடுத்த இடத்தில் அப்படியே செய்தேன். படுத்திருந்ததையும், இளநீர்ச் சத்தத்தையும், என்னைத் தூங்க வைத்ததையும் சொன்னேன். அந்தப் பெண் மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சிசேரியன்ல தாய்மார்கள் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "குழந்த அழறதுக்கு முன்னாடி அவங்க கேக்கறது பூரா இந்தக் குழாயத்தான்." சோதித்துப் பார்க்க ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு இன்னும் கேட்டு அனுப்பினார். அவர் சொல்லி இன்னொருவர், அவர் மூலம் வேறொருவர் என்று மெதுவாகத்தான் போனது. இன்றும் பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. பிரசவ தியேட்டர்கள்தான் எங்கள் வாடிக்கை. ஆண் சர்ஜன்கள் பலர் இன்னும் பழைய விசிலோடுதான் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

சென்ற மாதம் குரோம்பேட்டையிலிருந்து ஓர் எலும்பு மருத்துவர் கூப்பிட்டார். முழங்கால் மாற்றும்போது நோயாளிகள் விழித்திருக்கிறார்களாம். சுத்தியல் சத்தத்திலும் ரம்பச் சத்தத்திலும் நடுங்கிப் போகிறார்களாம். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். என் கணவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார். நான் அந்தச் சுத்தியலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எலும்பில் இறங்கும்போது அதன் சத்தம் மாறுவதை வைத்துத்தான் செயற்கை மூட்டு சரியாக உட்கார்ந்ததா என்று தெரிந்துகொள்வீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

"அப்ப சுத்தியல ஒண்ணும் பண்ண வேண்டாம் டாக்டர். பேஷன்ட் காதுல ஹெட்போன் வெச்சுப் பாட்டு போட்டு விடுங்க."

"என்ன பாட்டு போடலாம்?"

"அத அவங்களையே கேளுங்க."

அவருக்கு ரொம்பத் திருப்தி. காபி வரவழைத்துக் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். சானடோரியம் தாண்டும்வரை என் கணவர் விரல் விட்டு ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்த ஹெட்போனையாவது நம்மகிட்ட வாங்கிக்கச் சொல்லியிருக்கலாம்" என்றார் பிறகு.