உயிரோடு இருப்பவளுக்குப் போட்ட இலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து பேனாவை எடுப்பேன். முருகா, வேண்டாம்பா என்று மறுபடி வைத்துவிடுவேன். எழுதினால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். படித்தவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு கூச்சம். நான் பத்தாவதோடு நின்றவன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரமாகவே பாதி வயசு போய்விட்டது. கதை கட்டத் தெரியாது. போன மாதம் என் வீட்டுக்காரியே, "நாம கண்ண மூடுறதுக்குள்ள நாலு பேரு தெரிஞ்சிக்கட்டும், எழுதிடுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். டவுன்ஷிப் மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் போனவளை அங்கே பாக்சிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பார்த்து, கிளவுஸை மாட்டிவிட்டார். மாவட்டம், மாநிலம் என்று ஏறி, கடைசியில் வெளிநாட்டில் நடந்த அமெச்சூர் சாம்பியன்ஷிப்புக்குப் போகும் இந்திய அணியில் அவள் பேரும் வந்துவிட்டது. ஐம்பத்து நாலு கிலோ பிரிவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போட்டியன்று காலையில் எடை மிஷினில் ஏற்றுவார்கள். சொன்ன எடைக்கு மேலே துளி கூடினாலும் ஒரு குத்துகூடக் குத்தாமல் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் அதற்கு முன்னால் பல நாள் வயிற்றைக் காயப்போடுவார்கள். தண்ணீர்கூட நாக்கு நனைகிற அளவுக்குத்தான்.

அங்கே போய் இவளும் காயப்போட்டாள். இங்கே அவள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றது பட்டினி கிடக்க நான் மட்டும் தின்பதா என்று அழுவாள். ஒருநாள் மத்தியானம் நான் தூங்கி எழுந்து பார்க்கிறேன், மகள் படுக்கிற அறையில் தலைவாழை இலை போட்டு சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் பரிமாறியிருக்கிறாள். இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, கற்பூரம் காட்டி, "வந்து துன்னுட்டுப் போ கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, அந்தச் சோற்றை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதற்கப்புறம்தான் அவளுக்கு மனசு ஆறியது. தினமும் அப்படியே செய்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. சட்டியில் இருந்த குழம்பு ருசியாக இருந்தது. இலையில் ஊற்றின அதே குழம்பு உப்புச்சப்பில்லாமல் வைக்கோலை மென்ற மாதிரி இருந்தது. ஆறிப்போனதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் சாயங்காலம் போன் பண்ணுவாள். கூட வந்த பெண்களுக்கெல்லாம் எடை இறங்குகிறதாம், இவளுக்கு மட்டும் நகரவே இல்லையாம். பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறாள், வியர்வை ஊற்றுகிறது, காலையில் பார்த்தால் அதே எடை. பசிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லப்பா, அதான் பயமா இருக்கு. பசியே இல்ல. ஏப்பமா வருது" என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம், "இன்னைக்கு அம்மா மொச்சக்கொட்டக் கொழம்பா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு மொச்சைக்கொட்டைக் குழம்புதான். என் வீட்டுக்காரி பூரித்துப்போனாள், பாருங்க என் கைமணம் கடல் தாண்டிப் போயிருக்கு என்று. நானும்கூடச் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் கீரை, அதற்கடுத்த நாள் வத்தக்குழம்பு. நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே மகள் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது.

எடை பார்க்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால், அணியோடு போகாமல் ஊரிலேயே இருந்த மாஸ்டர் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "அண்ணே, மறைக்காம சொல்லுங்க. முறுக்கு கிறுக்குன்னு எதனா கட்டிக் குடுத்து உட்டீங்களா? அங்க பையெல்லாம் கொட்டிப் பாத்துட்டாங்க. ஒளிச்சி வெச்சித் துன்றான்னு கூட இருக்குற பொண்ணுங்களே சொல்லுதுங்க" என்றார். முருகன் மேல் சத்தியம் பண்ணினேன். நாளை மறுநாள் எடை கூடியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், திருடித் தின்றவள் என்ற பேரோடு வருகிறவளை அப்புறம் எந்த அணியிலும் சேர்க்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் அக்கா வந்தாள். வந்த நேரம், என் வீட்டுக்காரி இலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா வாய்த்துடுக்குக்காரி. யாரும்மா விருந்தாளி, எனக்கா என்று கேட்டாள். இவள் நடந்ததைச் சொன்னாள். அக்கா முகம் செத்துப்போயிற்று.

"எலை போட்டு, கதவச் சாத்தி, வந்து துன்னுன்னு கூப்புடறது யாரயம்மா? உசுரோட இருக்கற புள்ளயையா கூப்புடுவாங்க?"

"பசியா கெடக்குதே அண்ணி."

"பசியா எங்க கெடக்குது? நீதான் தெனம் ஊட்டிகினு இருக்கியே."

அன்றைக்கு இலை போடவில்லை. அறைக்கதவு சாத்தியே இருந்தது. மூன்று பேரும் ஹாலில் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு தொடாமல் உட்கார்ந்திருந்தோம். ரோட்டில் கம்பெனி பஸ் போகிற சத்தம் கேட்டு அடங்கியது. அப்புறம் அந்த அறைக்குள்ளிருந்து கேட்டது.

"பசிக்குதும்மா."

என் மகள் குரல்தான். இப்போதைய குரல் இல்லை. ஒன்றாங்கிளாஸ் படிக்கும்போது பையைப் போட்டுவிட்டுக் கேட்பாளே, அந்தக் குரல். வீட்டுக்காரி தட்டோடு எழுந்துவிட்டாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, போவாத, போனியானா உம் பொண்ணு மூட்டையக் கட்டிகினு வந்துடும் என்று காதோடு சொன்னாள். மறுபடி அதே வார்த்தை. இந்தத் தடவை கீழேயிருந்து வந்தது, கதவடியில் வாயை வைத்துக் கேட்ட மாதிரி. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்றவள் வாயில் புடவையை அடைத்துக்கொண்டு நின்றாள். போகவில்லை. அதற்கப்புறம் கேட்கவில்லை. பொழுது சாய்ந்து திறந்தபோது அறையில் யாரும் இல்லை. தினமும் இலை போட்ட இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் போனில் பசி பசி என்று அழுதாள். வயிறு ஒட்டிவிட்டது, எடை இறங்கிவிட்டது என்றாள். மறுநாள் காலை சரியாக ஐம்பத்து நாலுக்குள் நின்றாள். ரிங்கில் ஏறினாள். முதல் சண்டையில் ஜெயித்தாள், அடுத்ததில் பாயிண்டில் தோற்றாள். கெட்ட பேர் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தாள். இப்போது வேலையில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் சோறு கேட்பதில்லை. போட்டால் சாப்பிடுவாள். போடாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பாள். போன தீபாவளிக்கு அவள் அம்மா தாங்கமுடியாமல், பசிச்சா வாயத் தொறந்து கேளேன்டி என்று கோபித்துக்கொண்டாள்.

மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேட்டேனேம்மா. நீதான் வரல" என்றாள்.

அந்த மத்தியானத்தைப் பற்றி நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிள்ளைகளை வெளியூரில், வெளிநாட்டில் விட்டிருக்கிற தாய்மார்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மகள் தங்க மெடல் வாங்கினாள் என்று சேர்க்கவேண்டாம். பேய் என்று பேர் வைக்கவேண்டாம், என் வீட்டுக்காரி மேல் குற்றமும் சொல்லவேண்டாம். முருகன் சாட்சியாக நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். என் கையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே அடுத்தவர் காதில் போடுங்கள்.