மாலியா அறுத்த மாலை

லண்டன் எட்மண்டனில் தர்மேந்திரன் வீட்டு மாலினி மலேசியாத் தமிழச்சி என்றுதான் ஊர் உலகம் நம்பியிருந்தது. அவள் ஹவாய்த் தீவில் பிறந்த மாலியா. லண்டனுக்குப் படிக்க வந்த இடத்தில் தர்மேந்திரனைக் காதலித்துக் கட்டினாள். "தங்கச்சிமார் கரை சேரட்டும், பிறகு சொல்லுவம்" என்றார் அவர். தங்கைகள் கரை சேர்ந்து பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்கள். அந்தப் 'பிறகு' மட்டும் வரவேயில்லை. அவளோ பிட்டு அவிக்கவும் யாழ்ப்பாணத் தமிழில் வம்பளக்கவும் பழகிக்கொண்டாள். தாய் பாடிய பாட்டைக் குளியலறையில்கூட முணுமுணுக்கவில்லை. பெற்ற மகளுக்கும் சொல்லவில்லை. புருஷன் பேச்சை அவ்வளவு நம்பினாள், பேதை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பிரசாந்தினிக்கு வளைகாப்பு. மண்டபம் நிறையச் சனம். சம்பந்தியம்மா தவமலர் பெரிய ரோஜா மாலையைப் பிரசாந்தினியின் கழுத்தில் போட்டதுதான் தாமதம், மாலியா பாய்ந்துபோய்க் கேக் வெட்ட வைத்திருந்த கத்தியால் மாலையின் அடி நூலை அறுத்துவிட்டாள். அவள் பிறந்த தீவில் பிள்ளைத்தாய்ச்சிக்கு மூடிய மாலை போடமாட்டார்கள். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றிவிடும் என்று பயம். வாய் முப்பது வருடம் மறைத்ததைக் கை மறைக்கவில்லை.

தவமலரின் முகம் கறுத்தது. "நல்ல காரியத்தில மாலையை அறுக்கிறதோ, சம்பந்தி?"

"மலேசியாவில எங்கட வழக்கம்," என்று மாலியா பழகிய பொய்யை எடுத்துவிட்டாள்.

விருந்துக்கு வந்திருந்த குணசுந்தரி மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். "எங்க ஊர்ல அப்படி ஒன்னும் இல்லையே" என்றார், வெள்ளந்தியாக.

எல்லோரும் தர்மேந்திரனைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரியும். பிரசாந்தினி வயிற்றில் இருந்தபோது, கோயிலில் கொடுத்த மாலையை முடிச்சவிழ்த்து மனைவியின் தோளில் போட்டவரே அவர்தான். ஒரு சொல் சொன்னால் போதும். மாலியா அவர் வாயையே பார்த்தாள்.

"இவவுக்குக் கொஞ்ச நாளாத் தலை சரியில்லை," என்றார் தர்மேந்திரன். "டொக்டரிட்டக் காட்டவேணும்."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். இத்தனை காலம் அவருடைய மானத்தைக் காத்தவளை ஒரு நொடியில் பைத்தியமாக்கிவிட்டார்.

"என்ட தலை நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நான் மலேசியா இல்லை, ஹவாய். என்ட பேர் மாலியா. இவருக்கு எல்லாம் தெரியும்."

தர்மேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். மகளாவது பக்கத்தில் வந்து நிற்பாள் என்று மாலியா கையை நீட்டினாள்.

பிரசாந்தினி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "அப்பாவை விடுங்கோ அம்மா. எனக்கு நீங்கள் ஏன் சொல்லேல்லை?"