காலி சீட்டில் ஒரு பாரம்

இது கட்டுக்கதை அல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடந்ததும் அல்ல. பேய் நேரம் பார்த்துத்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் அந்த நினைப்பை ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கலாம். 1978, நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. சாயங்காலம் 4.20. இடம், கேமரன் மலையில் கம்போங் ராஜாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நடந்தது பக்கிரிசாமிக்கு.

பக்கிரிசாமி தோட்டத்து மெக்கானிக். ரிங்லெட்டிலிருந்து வேலைக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. வந்த அன்றே தோட்டத்து ஆபீஸ் கிராணி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஏழாம் நம்பர் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் வருஷக்கணக்கில் வீட்டுக்குக் காத்திருக்க, தனக்கு மட்டும் எப்படி என்று அவன் கேட்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? மனைவி ஜெயாவுக்கு ஏழு மாதம். தலைக்கு மேல் கூரை கிடைத்ததே பெரிது.

அந்தக் கூரைக்குத்தான் அன்று ஆபத்து வந்தது.

தோட்டத்து மேனேஜரான துரையிடம் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே சீட்டு. பெற்ற பிள்ளையைவிட அவருக்கு அதன்மேல்தான் பாசம். ஒரு மாதமாக எஞ்சினில் மிஸ்ஸிங். நன்றாக ஓடும். திடீரென்று இருமும். மறுபடி ஒன்றும் தெரியாததுபோல் ஓடும். பட்டறைக்குக் கொண்டுவந்தாலோ, பரம சாது.

“அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணிடு,” என்றார் துரை. “முடியலன்னா இப்பவே சொல்லு. ஈப்போவுல ஆள் இருக்கு.”

வேலை இருக்கும்வரைதான் தோட்டத்து வீடு. வேலை போனால் அன்றே சாமான்களை வெளியே வைக்க வேண்டியதுதான்.

பக்கிரிசாமி பிளக்குகளைத் துடைத்துப் போட்டான். பாயிண்ட்டைத் தீட்டினான். பனி ஈரம் இறங்கியிருக்கும் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் காயவைத்தான். நின்ற இடத்தில் எஞ்சின் பிசகவே இல்லை. அப்போதுதான் பொறி தட்டியது. துரை தனியாகப் போகும்போது மிஸ்ஸிங் வந்ததில்லை. அவர் மனைவி துரைசானி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வந்தது.

அப்படியென்றால், பாரம்.

மணி 3.35. ஐம்பது கிலோ உரமூட்டை ஒன்றை இடது சீட்டில் ஏற்றி மேட்டில் விட்டான். டுப்... டுப்... வந்துவிட்டது. மேலே ஸ்டோரில் மூட்டையை இறக்கிவிட்டு அதே மேட்டில் ஓட்டினான். பட்டு மாதிரி ஓடியது. ஏற்றி இறக்கி மூன்று முறை பார்த்தான். மூட்டை இருந்தால் மிஸ்ஸிங். இல்லையென்றால் இல்லை. காயிலிலிருந்து வரும் வயர் உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கிறது, எஞ்சின் திணறும்போது மட்டும் காட்டிக்கொடுக்கிறது. பட்டறையில் வேறு வயர் இருந்தது. வீடு தப்பியது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

மணி 4.12. மூட்டையை ஸ்டோரிலேயே விட்டுவிட்டுக் காலிக் காரில் திரும்பினான். மூடுபனி இறங்கிவிட்டது. ஓடை வளைவில் எதிரே என்ன வருகிறது என்றே தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தான்.

பாம்... பாம்...

இரண்டு தடவை. ரிங்லெட்டில் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டிய பழக்கம் அது. ஒரு ஹாரன் என்றால் ஒதுங்கு. இரண்டு என்றால், இடம் இருக்கிறது, ஏறிக்கொள். கூடையோடு காத்திருக்கும் பெண்களுக்கு அடிப்பது. அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

இடது கதவு ‘க்ளிக்’ என்றது.

மணி 4.20. கதவைச் சரியாகச் சாத்தவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான். ஓடையைத் தாண்டி லயத்து மேடு தொடங்கியது.

டுப்... டுப்...

மூட்டையை இறக்கியது இந்தக் கைதான். நன்றாக ஞாபகம் இருந்தது.

டுப்... டுப்...

வண்டி இடது பக்கம் தாழ்ந்திருந்தது. ஸ்டீயரிங் அந்தப் பக்கமே இழுத்தது. ஈரச் சாக்கு வாசனை... பச்சைக் கொழுந்து வாசனை...

அவன் திரும்பவில்லை. மெக்கானிக் புத்தி தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஐம்பது கிலோ இருக்கும்.

ஸ்டீயரிங்கை வலப்பக்கம் வளைத்துப் பிடித்தான்.

டுப்...

லயம் வந்தது.

4.24. ஏழாம் நம்பர் வாசல்.

க்ளிக்.

ஸ்பிரிங் மேலே எழும்பியது. எஞ்சின் பட்டு மாதிரி ஓடியது.

அவன் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உள்ளே ஜெயா தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தும் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பயம். அந்த வெட்கம் அவனுக்குக் கடைசிவரை போகவில்லை.

பட்டறைக்குப் போய் வயரை மாற்றினான். 4.55-க்குத் துரை துரைசானியோடு மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “கெட்டிக்காரன்,” என்றார். வேலை நிலைத்தது. வீடும் நிலைத்தது.

5.35-க்கு வீட்டுக்கு ஓடினான். ஜெயா வாசலிலேயே இருந்தாள்.

“கார்ல கூட்டிட்டு வந்த அக்கா யாருங்க?”

“எந்த அக்கா?”

“நனைஞ்சு போயி வந்தாங்களே. நேரா உள்ள வந்து அண்ணாந்து பார்த்தாங்க. தொட்டிலை இங்க கட்டுன்னாங்க. பின்பக்கமா போயிட்டாங்க.”

கூரைக் கட்டையில் கரி படிந்த ஒரு கொக்கி. இருபது நாளாக அவன் கண்ணில் படவே இல்லை. அதன் நேர் கீழே தரை ஈரமாக இருந்தது. பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது.

மறுநாள் காலை லோரி டிரைவர் காளிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னான். காளிமுத்து ஹாரன்மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டான்.

“அந்த வளைவுல நாங்க யாரும் ரெண்டு ஹாரன் அடிக்கிறதில்ல. எழுபத்தொண்ணுல நான் அடிச்சேன். லோரில இடமே இல்ல, பழக்க தோசத்துல கை அடிச்சிருச்சு. நிக்காம போய்ட்டேன். கொழுந்து பறிக்கிற பவளம், ஏறலாம்னு ஓடி வந்தா... பின் சக்கரம்...”

பக்கிரிசாமி கேட்டான். “எந்த வீடு அவங்க?”

“ஏழாம் நம்பர்.”

காளிமுத்துவே தொடர்ந்தான். “அந்தக் கொக்கிய அவ புருசன் அந்த வாரந்தான் அடிச்சான். அவளுக்கும் அப்ப ஏழு மாசம்.”